பதினேழில் வலி போய்விட்டது

பிப்ரவரி 11

மாப்பிள்ளைக்கு,

அன்றைக்கு வாசலில் இருந்தவர்கள் இவர்கள். நான். என் பெரிய மகன். அவன் பெண்டாட்டி. அவர்கள் மகள், என் பேத்தி. குடையைத் திருப்பிக் கொடுக்க வந்த எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர். காருக்குள் நீங்கள். பக்கத்து சீட்டில் என் சின்னவள். மொத்தம் ஏழு பேர். ஜனவரி இருபத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை, பதினொன்று அடித்துப் பத்து நிமிஷம். நாளைக்கு யாரும் "நான் அங்கே இல்லையே" என்று சொல்லக் கூடாது என்பதற்காக இதை முதலில் எழுதி வைக்கிறேன்.

நீங்கள் இறங்கிக் காரைச் சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தீர்கள். "இறங்கு மீட்டர், உங்கம்மா முறைக்கிறாங்க" என்றீர்கள். கட்டின பெண்டாட்டிக்கு வைக்கிற பேரா அது? அவள் சிரித்துக்கொண்டே ஒரு காலை வெளியே வைத்தாள். இன்னொரு கால் வரவில்லை. "என்னங்க, கால் வரலை" என்றாள். நீங்கள் "விளையாடாதே" என்றீர்கள். அந்த ஒரு சொல் போதும் எனக்கு, சாகும்வரை வைத்துக்கொள்ள.

ஆஸ்பத்திரியில் கட்டி என்கிறார்கள். உடம்புக்குள் எங்கேயோ பிறந்து முதுகெலும்புக்கு வந்து அரித்துவிட்டது என்கிறார்கள். சரி, இருக்கட்டும். அரித்த எலும்பை உடைத்தது யார்? போன ஜூன் மாதம் நீங்களே இந்த வாசலில் நின்று என் மகனிடம் பெருமை அடித்தீர்கள். "இருபது இஞ்ச் வீல் மச்சான். நெனச்சா போதும், திரும்பிடும்." நான் எட்டிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய சக்கரத்தைச் சுற்றி வளையல் தடிமனுக்கு ரப்பர். நான் மூணாங்கிளாஸ். ஆனால் வெறும் தரையில் படுத்தால் எலும்பு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த ரப்பர்தானே மெத்தை? மெத்தையைச் சீவி எறிந்துவிட்டு இரும்பைப் பெரிதாக்கி, அதில் என் பெண்ணை ஒன்பது மணி நேரம் உட்காரவைத்துக் கொண்டுவந்தீர்கள்.

அந்தக் காருக்கு இரண்டே சீட். வாங்கின அன்றைக்கே புரிந்துகொண்டேன், மாமியாருக்கு இடமில்லை என்று. அதையும் நான் மறக்கவில்லை.

போன் செய்ய வேண்டாம். போன் என்றால் என் வாய் முந்திக்கொள்ளும். எழுதினால் கை மெதுவாகத்தான் போகும், கொஞ்சம் மரியாதை மிஞ்சும். அவளும் உங்களோடு பேச மாட்டேன் என்கிறாள். நான் சொல்லிக் கொடுத்ததில்லை. அவளாகவேதான் போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் மாமியார்


பிப்ரவரி 17

அத்தைக்கு வணக்கம்.

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

நீங்கள் எழுதியதில் ஒன்றைத் தவிர எல்லாம் சரி. மெத்தை என்று சொன்னீர்கள். இருபது வருஷமாக ஸ்போர்ட்ஸ் காருக்கு வீல் மாட்டுகிறேன், எந்த வாடிக்கையாளருக்கும் நான் இவ்வளவு எளிதாகச் சொன்னதில்லை. சக்கரத்தின் மொத்த உயரம் மாறக் கூடாது. அதனால் உள்ளே இருக்கும் வீல் பெரிதாக ஆக, டயர் மெலிந்துகொண்டே போகும். மெலிந்த டயர் வளைவில் மடங்காது. ஸ்டியரிங்கைத் தொட்டதும் கார் சொன்ன பேச்சைக் கேட்கும். ஓட்டுகிறவனுக்கு அது ஒரு போதை. ஆனால் ரோட்டில் கிடக்கிற சின்னக் கல்கூட உட்கார்ந்திருப்பவர் முதுகில் வந்து பேசும். பெரிய வீல் கனமும் அதிகம். பள்ளத்தில் விழுந்த கனத்தை ஸ்பிரிங் அடக்குவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும்.

தவறு இதுதான். அன்று காரில் இருந்தது இருபது இல்லை. பதினேழு. நாலு விரலை அகலமாக வைத்தாலும் மூடாத ரப்பர். கார் வந்து நின்றதும் பேத்தி போனில் ஒரு படம் எடுத்தாள். வாங்கிப் பாருங்கள்.

உங்களைத் தோற்கடிக்க இதை எழுதவில்லை. நீங்கள் சொன்னதுபோல் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் சாப்பிடுகிறாளா? ஜன்னல் பக்கம் படுக்கவைத்திருக்கிறீர்களா, சுவர்ப் பக்கமா? அவளுக்கு ஜன்னல் வேண்டும்.


பிப்ரவரி 26

மாப்பிள்ளைக்கு,

படத்தைப் பார்த்தேன். பேத்தி விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிக் காட்டினாள். "பாட்டி, டயர் தடியாத்தான் இருக்கு" என்றாள். "உன்னை யாரு கேட்டா" என்று சொல்லிவிட்டேன். எழுபத்து மூன்று வயதில் என் கண் பார்த்த ஒன்றை என் மனசு தப்பாக வைத்திருந்தது இதுதான் முதல் தடவை. ஜூன் மாதம் பார்த்ததை ஜனவரியில் மாட்டிவிட்டேன். அதற்காக உங்கள்மேல் கோபம் இன்னும் கூடிற்று. குறையவில்லை.

ஏனென்றால் இப்போது எனக்கு வேறு ஒரு கேள்வி வந்துவிட்டது. காரணமில்லாமல் நீங்கள் ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டீர்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் இந்த வீட்டுக்கு வந்து, காபி டம்ளர் கையில் இருக்கும்போதே, "அத்தை, இந்த மேஜைக்கு ஒரு கால் குட்டை" என்று சொன்ன ஆள் நீங்கள். ஆசை ஆசையாக மாட்டின இருபதை எதற்காகக் கழற்றினீர்கள்?

அவள் ஜன்னல் பக்கம்தான் இருக்கிறாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். திரும்புவது என்றால் முகம் மட்டும். இடுப்புக்குக் கீழே அவளுடையது இல்லை. இரண்டு நாளைக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து ஊசி போடுகிறது. அது போட்டால் நாலு மணி நேரம் மனுஷியாக இருக்கிறாள். "மாப்பிள்ளை வரட்டுமாடி?" என்று ஒரு தடவை கேட்டேன். கேட்டது எனக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் கேட்டேன். "வர வேண்டாம்னு சொல்லு" என்றாள்.

அவ்வளவுதான் அவள் சொன்னது. கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.


மார்ச் 4

அத்தைக்கு,

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். படித்த பிறகு நீங்கள் இனி எனக்கு எழுதாமல் போகலாம்.

மீட்டர் என்பது கிண்டலாக வைத்த பேர் இல்லை. வேலை முடிந்த காரைக் கொடுப்பதற்கு முன் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பேன். ஓட்டுகிறவனுக்கு வண்டியின் உண்மை முழுதாகத் தெரியாது. கை ஸ்டியரிங்கில், புத்தி வளைவில். பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். கல்யாணமான இரண்டாம் மாதத்திலிருந்து அந்த சீட் அவளுடையது. கண்ணை மூடிக்கொள்வாள். "முன்னாடி இடது பக்கம் காத்து கூட இருக்கு" என்பாள். அளந்தால் கூடத்தான் இருக்கும். பட்டறையில் எல்லோரும் மீட்டர் அக்கா என்றார்கள். அவளுக்கு அதில் பெருமை. அவள் சொல்வதையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். போன செப்டம்பரிலிருந்து எங்கள் சொந்தக் காரைப் பற்றி எழுதியதை அப்படியே தருகிறேன்.

செப்டம்பர் 12. இருபது. சின்ன மேட்டில்கூடக் கீழ்முதுகில் "சுருக்குங்குது." காற்றைக் குறைத்தேன்.

அக்டோபர் 3. பத்தொன்பது போட்டேன். "பரவாயில்ல."

அக்டோபர் 30. "மறுபடி வருது. வலது பக்கம்." வலது பின் ஸ்பிரிங்கை மாற்றினேன்.

நவம்பர் 14. பதினெட்டு. "ரோடு நல்லா இருந்தாலும் வலிக்குது." சீட்டைக் கழற்றி அடியில் பஞ்சு வைத்தேன்.

டிசம்பர் 17. பதினேழு. என்னுடைய பெரிய பிரேக் அந்த வீலுக்குள் இடிக்கும். அதைக் கழற்றிவிட்டுப் பழைய சின்ன பிரேக்கை மாட்டினேன். வளைவில் கார் யோசித்து யோசித்துத் திரும்பியது. ஸ்போர்ட்ஸ் கார் மாதிரியே இல்லை. "இப்ப?" என்று கேட்டேன். "போயிடுச்சு" என்றாள். பதினேழில் வலி போய்விட்டது என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

அந்த மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட, ஒரே ஒரு நாள்கூட, அவளை ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் முதுகு எனக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லை, அதனால் கார்தான் தப்பு என்று இருந்துவிட்டேன். அவள் வலிக்கிறது என்று சொல்லச் சொல்ல நான் காருக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். வேறு எந்தத் தொழிலில் இருப்பவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

அவள் பேசாததன் காரணம் எனக்குத் தெரியும். என் தப்பை அவள் யோசித்துக் கண்டுபிடித்திருப்பாள்.

ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில்தான் சொல்கிறார்கள் என்று மச்சான் சொன்னார். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவளை வீட்டுக்கு அனுப்புங்கள். பட்டறைக்கு மேல் அறை. அவள் பச்சைப் பெயின்ட் அடித்த அலமாரி, கீழே கம்ப்ரசர் ஓடினால் அதிர்கிற தரை. "சாகறதுன்னா இந்தச் சத்தத்துலதான் சாகணும்" என்று அவள் ஒரு தடவை விளையாட்டாகச் சொல்லியிருக்கிறாள்.


மார்ச் 12

மாப்பிள்ளைக்கு,

எழுதாமல் போவேன் என்று நினைத்தீர்களா? அவ்வளவு சுலபமாக விடமாட்டேன்.

மூன்று மாதம். ஒரு பொம்பளை முதுகு வலிக்கிறது என்று சொன்னால் எண்ணெய் தேய்ப்பவன் உண்டு, மாத்திரை வாங்கிக் கொடுப்பவன் உண்டு, "போடி, வேலையைப் பார்" என்பவனும் உண்டு. காற்றுப் பிடுங்கினவன் நீங்கள் ஒருத்தர்தான். வாசித்துவிட்டுச் சிரிப்பு வந்தது. அப்படி ஒரு சிரிப்பு எதிரிக்கும் வரக் கூடாது.

அனுப்பமாட்டேன். பெற்றவள் நான். ஒரு தடவை உங்களை நம்பி அனுப்பினேன், பாதி உடம்பாகத் திருப்பிக் கொடுத்தீர்கள்.

இதோடு நிறுத்தலாம் என்றால் இன்னொன்று கிடக்கிறது. எழுதாவிட்டால் எனக்குத்தான் உறுத்தும். நவம்பர் இருபதாம் தேதி, திங்கட்கிழமை, அவள் போன் செய்தாள். "அம்மா, உனக்கு என் வயசுல முதுகு வலிச்சுதா?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அந்தப் பாழாப்போன காரைத் தலைமுழுகு, எல்லாம் சரியாயிடும்." எனக்கு அந்தக் காரைத் திட்ட ஒரு சாக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். "சரிம்மா" என்று வைத்துவிட்டாள்.

உங்கள் கடிதத்தை நான் படித்துக்கொண்டிருந்தபோது அவள் முழித்துக்கொண்டாள்.

"என்ன எழுதியிருக்கார்?"

"சக்கரம். வேற என்ன தெரியும் அவருக்கு?"

"இப்ப எத்தனைல இருக்கு?"

"பதினேழாம்."

"இன்னும் மாத்தலையா?" என்றாள். அப்புறம் போர்வையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பதினேழு என்ற ஒரு எண்ணுக்கு ஒருத்தி அப்படி அழுவாளா? கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.


மார்ச் 19

அத்தைக்கு,

பதினாறு போட்டுவிட்டேன். அதற்குக் கீழே இந்தக் காரில் போக முடியாது, பிரேக் விடாது.

பக்கத்து சீட்டைச் சாய்த்து, தலையிலிருந்து கால்வரை ஒரே மட்டமாகப் படுக்கை செய்திருக்கிறேன். இருப்பதிலேயே மெத்தென்ற ஸ்பிரிங். அவள் வேனில் வருகிறேன் என்றால் படுக்கை வேனுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன், காரில்தான் வருவேன் என்றால் காரும் தயார். வேகமாக ஓட்டமாட்டேன். வேகமாக ஓட்டவும் முடியாது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் தூக்கக் கலக்கத்தில் பதில் சொல்வதுபோல் திரும்புகிறது. பார்க்கிற பட்டறைக்காரர்கள் "என்ன மாஸ்டர், பந்தயக் குதிரையைப் படுக்க வச்சிட்டீங்க" என்கிறார்கள்.

ஒரு கஷ்டம். சரியாக இருக்கிறதா என்று சொல்ல ஆள் இல்லை. அகலமான பாத்திரத்தில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி அந்தப் படுக்கையில் வைத்துக்கொண்டு தினமும் ஓட்டிப் பார்க்கிறேன். திரும்பி வந்து, அடியில் விரித்த துணியைப் பிழிகிறேன். முதல் நாள் ஒரு டம்ளர் வந்தது. நேற்று அரை டம்ளர். வலிக்கிறதா இல்லையா என்று தண்ணீர் சொல்லாது.

வியாழக்கிழமை வரட்டுமா? இந்த வியாழன் இல்லையென்றால் அடுத்தது. நீங்கள் எப்போது சொன்னாலும் அது வியாழக்கிழமைதான் எனக்கு. அவள் என்னோடு பேச வேண்டாம். ஒன்பது மணி நேரமும் சுவரைப் பார்ப்பதுபோல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வரட்டும்.


மார்ச் 27

மாப்பிள்ளைக்கு,

சத்தியத்தை மீறி எழுதுகிறேன். உங்களிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். பிடிக்கிற பலம் அந்தக் கையில் இல்லை, நானே என் கையை அவள் கைக்குள் வைத்தேன்.

நேற்று சாயங்காலம் அவள் தலையைச் சீவிக்கொண்டிருந்தேன். நீங்கள் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து ஓட்டுகிறீர்கள் என்று சொன்னேன். கேவலமாகத்தான் சொன்னேன். "பைத்தியம் முத்திப்போச்சு உன் புருஷனுக்கு" என்றேன்.

"அம்மா, எனக்கு டிசம்பர்லயே தெரியும்" என்றாள்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை. கடைக்குப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் போய் ஸ்கேன் எடுத்திருக்கிறாள். பெரிய டாக்டர் உட்காரவைத்து எல்லாம் சொல்லியிருக்கிறார். பரவிவிட்டது, வைத்தியம் செய்தாலும் கொஞ்ச மாதம், செய்யாவிட்டாலும் கொஞ்ச மாதம் என்று. அந்தக் காகிதம் அவள் கைப்பையின் உள்துணிக்குள் இருந்தது. பேத்தி வாசித்துப் பார்த்து, தேதி சரி என்றாள்.

"ஏண்டி, கட்டினவன்கிட்டகூடவா சொல்லலை?" என்றேன்.

"சொல்லத்தாம்மா வந்தேன். வந்தா, தரையில படுத்துக்கிட்டு பிரேக்கைக் கழட்டிக்கிட்டிருந்தார். அந்த பிரேக் அவருக்கு உசுருமா. 'இது போனாத்தான் பதினேழு உள்ள போகும், உனக்காக'ன்னார். எட்டு நாள் வேலை பார்த்தார். ஓட்டிட்டு வந்து நிறுத்தி, 'இப்ப?'ன்னு கேட்டார். அந்த மூஞ்சியை நீ பார்க்கணும். 'போயிடுச்சு'ன்னுட்டேன்."

"அப்புறமாவது?"

"அப்புறம் எப்படிச் சொல்றது? அவர் என்னைத்தான நம்பறார். கருவி பொய் சொல்லிடுச்சுன்னா அவருக்கு அப்புறம் எதை வச்சு வேலை பார்க்கத் தெரியும்?"

அதனால்தான் உங்களோடு பேசவில்லை. உங்கள்மேல் கோபம் என்று நீங்களும் நினைத்தீர்கள், நானும் நினைத்தேன், நினைத்துச் சந்தோஷமும் பட்டேன். முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்ற பயம் அவளுக்கு. ஜனவரியில் கால் வராமல் போனபோதும், பொய் வெளியே வந்துவிட்டதே என்றுதான் முதலில் நினைத்தாளாம்.

வாருங்கள். வியாழக்கிழமை, ஏப்ரல் நான்கு. காரோ வேனோ, உங்கள் இஷ்டம். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கொண்டுவர வேண்டாம். உங்களுக்குத் தெரியும் என்று அவளிடம் காட்டிக்கொள்ளாதீர்கள். அது உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

இதை நாளைக் காலையில் நானே போய்த் தபால் பெட்டியில் போடுவேன்.


ஏப்ரல் 9

அத்தைக்கு,

உங்கள் கடிதம் பட்டறை ஷட்டருக்கு அடியில் கிடந்தது. எல்லாம் முடிந்து நான் திரும்பி வந்த அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.

அதைப் படிக்காமல்தான் அங்கே வந்தேன். மச்சான் சனிக்கிழமை போன் செய்து ஒரே வார்த்தையில் சொன்னார், நான் அப்படியே கிளம்பினேன். பதினாறோடு, படுக்கையோடு. கேட்டுக்கு வெளியே நின்றது ஏனென்றால், அவள் கடைசியாக என்னைப் பற்றிச் சொன்னது "வர வேண்டாம்" என்றுதான் எனக்குத் தெரியும். அவள் சொன்னதை மீறி அவள் முகத்தைப் பார்க்க எனக்கு உரிமையில்லை என்று நினைத்தேன். பேத்தி வந்து "மாமா, உள்ள வாங்க" என்று கூப்பிட்டாள். போகவில்லை. தூக்கிக்கொண்டு போனபோது கடைசி ஆளாக நடந்தேன். முகத்தைப் பார்க்கவே இல்லை, அத்தை.

திரும்பி ஒன்பது மணி நேரம் ஓட்டினேன். ஒரு குலுக்கல் இல்லை. இவ்வளவு சுகமான வண்டியை நான் இதுவரை செய்ததில்லை.

கருவி பொய் சொன்னால் நான் எதை வைத்து வேலை பார்ப்பேன் என்று கேட்டாளாமே. இன்று ஒரு வாடிக்கையாளர் பத்தொன்பதா இருபதா என்று கேட்டார். எது வேண்டுமோ போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்.

தப்பு என்னுடையது. செப்டம்பரில் அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னை மன்னிக்க வேண்டாம். நான் கேட்கவும் இல்லை.


மே 5

மாப்பிள்ளைக்கு,

வெள்ளிக்கிழமையே எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை.

நீங்கள் கேட்டுக்கு வெளியே நின்றதை நான் பார்த்தேன். சாம்பல் நிறச் சட்டை, இடது கையில் ஒரு பட்டன் இல்லை. எல்லாம் தெரிந்தும் உள்ளே வராமல் நிற்கிறானே என்று உங்கள்மேல் இன்னொரு குற்றத்தையும் வைத்தேன். கடிதம் அப்போது உங்கள் கையில் இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. அதை எடுத்துவிட்டேன். மெத்தையைச் சீவினதையும், மேஜைக் கால் குட்டை என்றதையும்கூட எடுத்துவிட்டேன். "விளையாடாதே" என்றதை மட்டும் இன்னும் எடுக்க முடியவில்லை. முயற்சி செய்கிறேன்.

உங்களை மன்னிக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் சொல்ல நீங்கள் யார்? வலிக்கிறது என்றதும் உங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தீர்கள். உயிராக வைத்திருந்த பிரேக்கைக் கழற்றிப் போட்டீர்கள். தப்புத்தான், ஆனால் கை அவள் பக்கம்தான் நீண்டது. நானோ ஒரு போனில் முடித்துவிட்டேன். என்னைப் பற்றி நான் என்ன வைத்திருக்கிறேன் என்பது எனக்கும் என் தலையணைக்கும்தான் தெரியும், அதை உங்களுக்கு எழுதப்போவதில்லை.

அவள் போனது சனிக்கிழமை, பகல் இரண்டே கால் மணிக்கு. ஊசி போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, வலி இல்லை. "வியாழக்கிழமை வரார்டி" என்று காதில் சொல்லியிருந்தேன். "எத்தனைல வரார்?" என்றாள். "பதினாறு" என்றேன். "வளைவுல பார்த்து வரச் சொல்லு" என்றாள். அதற்கப்புறம் அவள் பேசவில்லை.

நான் இந்த மேஜையில் உட்கார்ந்து உங்களைத் திட்டித் திட்டி எழுதினேன். எழுதும்போது வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுவது என் வழக்கம். அவள் கட்டில் பத்தடி தூரம். ஒவ்வொரு சொல்லையும் கேட்டாள். நான் உங்களைக் கொலைகாரன் மாதிரி நிறுத்தி வைத்திருந்தேன், அதையும் கேட்டாள். "அம்மா, அவர்மேல தப்பில்ல" என்ற ஒரு வார்த்தை, பிப்ரவரியில், போதும். நீங்கள் வந்திருப்பீர்கள். அவள் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். பச்சை அலமாரியை அவள் பார்த்திருப்பாள். நாற்பத்தைந்து நாள் இருந்தது நமக்கு. உங்களை நோகடிக்கக் கூடாது என்று ஒரு பொய், அந்தப் பொய்யை மறைக்க ஒரு மௌனம், அந்த மௌனத்தில் நம் இரண்டு பேரையும் ஒரு சக்கரத்தின் அளவுக்காகச் சண்டை போடவிட்டுப் படுத்திருந்தாள்.

எல்லோரும் என்னிடம் வந்து நல்ல மனசு, புண்ணியவதி, கடைசிவரைக்கும் யாரையும் கஷ்டப்படுத்தவில்லை என்கிறார்கள். தலையை ஆட்டுகிறேன். அவர்களுக்குத் தெரியாது.

பெற்று, முப்பத்தெட்டு வருஷம் பார்த்து, என் கையால் தலைசீவி அனுப்பியிருக்கிறேன். பெரிய டாக்டரை மன்னிப்பேன், உங்களை மன்னித்துவிட்டேன், அந்தக் காரைக்கூட மன்னிப்பேன். ஒருத்தியை மட்டும் மாட்டேன். என் சின்னவளை.